மேசைக் கணிப்பொறிக்கு நாளைய மூளை எது?

சென்ற திங்கள் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்தின் செயற்குழு லோத்குண்டாப் படிப்பகத்தில் கூடியது. நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக, ‘படிப்பகக் கணிப்பொறிகள்’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. ஆண்டு விழா, நூலகச் சந்தா, பொங்கல் கணக்கு முதலிய ஆறு பொருள்களும் அரை மணியில் முடிந்தன. இந்த ஏழாவது பொருளோ இரவு ஒன்பது மணி வரை நம்மை எழுந்திருக்க விடவில்லை. தெலுங்கில் ‘லோது’ என்றால் ஆழம், ‘குண்ட’ என்றால் குட்டை என்பது இங்கு வளரும் நம் குழந்தைகளுக்கும் தெரியும். ஊரின் பெயருக்கு ஏற்ப, அன்று ஆழமான இடத்தில்தான் காலை வைத்துவிட்டோம்.

படிப்பகத்தில் நான்கு மேசைக் கணிப்பொறிகள் உள்ளன. நான்கும் பத்து ஆண்டுகளைக் கடந்தவை. நான்கிலும் விண்டோஸ் 10 ஓடுகிறது. அந்த மென்பொருளுக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றன. அடுத்ததாகிய விண்டோஸ் 11க்கு, இண்டெல் பிராசஸர் எனின், பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருத்தல் வேண்டும். நம்முடையவை நான்காம் தலைமுறையைச் சேர்ந்தவை. மாலை ஆறு மணிக்கு மேல் படிப்பகத்திற்கு வந்து பார்த்த அன்பர்கள் அறிவர்: வீட்டில் கணிப்பொறி இல்லாத பிள்ளைகள், தையற்காரர் மகளும் லாரி ஓட்டுநர் மகனுமாக, ஆளுக்கு அரை மணி என்று முறை வைத்து அமர்ந்து நுழைவுத் தேர்வுக்குப் பயில்கிறார்கள். நம்மிடம் சேர்ந்துள்ள நன்கொடை இரண்டு புதிய பொறிகளுக்குமேல் வாராது. 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை வேறு வெகுவாக ஏறிவிட்டது. வாங்குவது எதுவாயினும் இன்னொரு பத்தாண்டு உழைக்க வேண்டும். இம்முறை பிசகினால் மறுமுறை வாங்கப் பணம் இல்லை.

மாதாப்பூரில் சில்லு வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் இளைஞர் முதலில் எழுந்தார். “ஐயா, இன்னும் ஓராண்டு பொறுங்கள். இனி வருபவை எல்லாம் ஆர்ம் வகையாகவே இருக்கும். இன்று இண்டெல் வகையை வாங்கினால் பழம்பொருளை வாங்கியது ஆகும்” என்றார். இ.சி.ஐ.எல். நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் சிரித்தார். “தம்பி, இதே சொற்களை நான் 1991இலும் கேட்டேன். அன்று வேறு பெயர் சொன்னார்கள்; அவ்வளவே” என்றார். பின்வரிசையிலிருந்த அம்மையார் ஒருவர், “என் மகள் இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் சேர்கிறாள். ‘ஏ.ஐ. கணிப்பொறி’ என்று ஒன்றைத் தவணைக் கடனில் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?” என்று கேட்டார். மூவருக்கும் விடை தேடி எழுதும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

பிராசஸரைத் தமிழில் செயலி என்கிறோம். கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் நிரலுக்கும் இன்று அதே சொல் வழங்கிவிட்டதால், குழப்பம் வேண்டா என்று ஈண்டு பிராசஸர் என்றே எழுதுகிறோம். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. ஒவ்வொரு வகைப் பிராசஸருக்கும் தனக்கென ஒரு கட்டளைத் தொகுதி உண்டு. ‘இந்த எண்ணை எடு, அதனோடு கூட்டு, அங்கே வை, விடை சுழியானால் அப்பக்கம் தாவு’ என்பன போன்ற சிறு கட்டளைகளின் தொகுதி அது. அதுவே அதன் தாய்மொழி. ஒரு வகையின் மொழியில் ஆக்கப்பட்ட மென்பொருளை மற்றொரு வகை அப்படியே படித்துக்கொள்ள இயலாது.

மொழி மாறிய ஊரில் குடித்தனம் நடத்தும் நமக்கு இதை விளக்குவது எளிது. சமையலில் எத்துணைக் கைதேர்ந்தவராயினும், தெலுங்கு மட்டுமே அறிந்த ஒருவரிடம் நம் பாட்டி தமிழில் எழுதி வைத்த சமையற்குறிப்பைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? ஒன்று, குறிப்பையே தெலுங்கில் எழுதித் தரவேண்டும். அல்லது பக்கத்தில் ஒருவர் நின்று வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். கணிப்பொறி உலகிலும் இவ்விரண்டே வழிகள். முன்னதற்கு, மென்பொருளை எழுதியவர் இன்னும் அத்தொழிலில் இருந்து, மறுபடி ஆக்கித்தர மனமும் வைக்கவேண்டும். பின்னதில் நேரம் சற்றுக் கூடும். சில இடங்களில் மொழிபெயர்ப்பாளர் கைவிரித்தும் விடுவார்.

இன்று மேசைகளின்மேல் உள்ள கணிப்பொறிகளிற் பெரும்பாலானவை பேசும் மொழி, 1978இல் இண்டெல் வெளியிட்ட 8086 என்னும் சில்லோடு பிறந்தது. எக்ஸ்86 என்று அதனை வழங்குவர். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு 8086இன் தம்பியாகிய 8088ஐத் தேர்ந்தெடுத்தது. ஒரே கடையை நம்பியிருக்க ஐ.பி.எம். விரும்பவில்லை, அதே சில்லைச் செய்து தர இரண்டாமவர் ஒருவரும் வேண்டும் என்றது. அந்த வாசல் வழியே உள்ளே வந்தது ஏ.எம்.டி. நிறுவனம். ஒருவர் விலையை ஏற்றினால் மற்றவர் பக்கம் திரும்பலாம் என்ற வசதியை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் அனுபவிப்பதற்குக் காரணம் இதுவே.

இனி, பெரியவர் குறிப்பிட்ட 1991. அவ்வாண்டு மைக்ரோசாப்ட், காம்பாக், டிஜிட்டல் முதலிய பெரு நிறுவனங்கள் கூட்டணி ஒன்று அமைத்தன. மிப்ஸ் என்னும் புதுவகைப் பிராசஸரே நாளைய மேசைக்கு உரியது என்று பேசப்பட்டது. 1993இல் வந்த விண்டோஸ் என்.டி., மிப்ஸிலும் ஆல்ஃபாவிலும் ஓடியது; பின்னர் பவர்பி.சி. என்பதிலும் ஓடியது. விண்டோஸ் 2000 வெளிவந்தபோது இம்மூன்றும் கைவிடப்பட்டிருந்தன. அவை மெதுவானவை என்பதனால் அன்று. ஆல்ஃபா அந்நாளில் வேகத்திற்கே பெயர் பெற்றது. மக்களிடம் இருந்த பழைய மென்பொருள் அவற்றின் மொழியில் இல்லை என்பதே குறை.

பிறகு இண்டெலே தன் மொழியை மாற்ற முனைந்தது. ஹியூலட்-பக்கார்டு நிறுவனத்தோடு சேர்ந்து பெரும்பொருள் செலவிட்டு, 2001இல் ஐட்டேனியம் என்னும் முற்றிலும் புதிய பிராசஸரை வெளியிட்டது. பழைய எக்ஸ்86 நிரல்களை அது மிக மெதுவாகவே ஓட்டிற்று. ஏ.எம்.டி. வேறு வழியில் சென்றது. பழைய மொழியையே 64 பிட்டுக்கு விரித்து, 2003இல் ஆப்டெரான் என்று வெளியிட்டது. மறு ஆண்டே இண்டெலும் அவ்விரிவை ஏற்றுக்கொண்டது. ஐட்டேனியத்தின் கடைசிச் சில்லுகள் 2021இல் அனுப்பப்பட்டன. வந்த நாளிலிருந்தே அது மேசைக்கு வந்து சேரவில்லை. இன்றும் லினக்ஸ் மென்பொருள்களை இறக்கும்போது, இண்டெல் பொறிக்கு உரியதன்மேலும் ‘ஏ.எம்.டி. 64’ என்று எழுதியிருப்பதைக் கண்டு சிலர் மயங்குவர். அந்தக் கதையின் மிச்சம் அது.

வேகத்தைப் பற்றிய ஆரூடமும் இவ்வாறே பொய்த்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், 10 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் சில ஆண்டுகளில் வந்துவிடும் என்று இண்டெல் எதிர்பார்த்தது. வெப்பம் வழி மறித்தது. ‘தேஜஸ்’ என்று பெயர் சூட்டித் தொடங்கிய பிராசஸர் 2004இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஒரே கருவை விரைந்து ஓட்டுவதை விட்டு, ஒரே சில்லில் பல கருக்களை வைக்கும் முறை அதன் பின்னரே பரவியது.

ஆர்ம் வகையின் வரலாறு வேறு விதம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏக்கார்ன் என்னும் சிறு நிறுவனத்தில், 1985இல் அதன் முதற்சில்லு இயங்கியது. சோதித்தவர்கள் மின்னோட்டத்தை அளக்க, கருவி சுழியைக் காட்டியதாம். பார்த்தால், சில்லுக்கு மின் இணைப்பே தரப்படவில்லை. பக்கத்துக் கம்பிகளிலிருந்து கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. இத்துணைச் சிக்கனமானது, மின்கலத்தை நம்பி வாழும் கைப்பேசிக்குள் குடியேறியதில் வியப்பில்லை. ஆனால் அது பிறந்தது கைப்பேசிக்காக அன்று. 1987இல் ஏக்கார்ன் விற்ற ஆர்க்கிமிடீஸ் என்னும் மேசைக் கணிப்பொறியே அதன் பிறந்த வீடு. பல ஆண்டு வெளியூரில் பிழைத்துப் பொருள் சேர்த்துக்கொண்டு, இப்போது ஊர் திரும்பப் பார்க்கிறது.

வழி காட்டியது ஆப்பிள். மூன்று முறை மொழி மாறிய குடும்பம் அது: மோட்டரோலாவின் 68000 வகையிலிருந்து 1994இல் பவர்பி.சி.க்கும், 2006இல் இண்டெலுக்கும், 2020 நவம்பரில் தானே வடிவமைத்த ஆர்ம் வகைக்கும் சென்றது. ஒவ்வொரு முறையும் பழைய நிரல்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உடன் அமர்த்திற்று. சில ஆண்டுகளில் அவரை வீட்டுக்கும் அனுப்பிற்று. 2025இல் வெளிவந்த மேக்.ஓ.எஸ். 26 பதிப்பே இண்டெல் மேக்குகளுக்குக் கடைசி. பொறியையும் மென்பொருளையும் ஒருவரே செய்யும் இடத்தில் இது இயலும். வீட்டுத் தலைவர் ‘புறப்படுங்கள்’ என்றால் எல்லாரும் மூட்டை கட்டியாக வேண்டும். விண்டோஸ் உலகம் அவ்வாறு ஒரு குடும்பம் அன்று, ஒரு பெரிய சந்தை. அங்கே யாரும் யாருக்கும் உத்தரவிட இயலாது.

அதனாலேதான் 2012இல் மைக்ரோசாப்ட் ஆர்ம் பிராசஸரோடு வெளியிட்ட சர்ஃபேஸ் ஆர்.டி. எடுபடவில்லை, பழைய விண்டோஸ் நிரல் ஒன்றும் அதில் ஓடாது. 2024 ஜூனில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசஸரோடு வந்த மடிக்கணிப்பொறிகள் வேறு தரத்தவை. ‘பிரிஸம்’ என்னும் மொழிபெயர்ப்பாளர் அவற்றில் பெரும்பாலான பழைய நிரல்களைத் திறம்பட நடத்துகிறார். ஐந்தாண்டில் விண்டோஸ் கணிப்பொறிகளிற் பாதிக்கு மேல் தம் வகையாகிவிடும் என்று ஆர்ம் நிறுவனத்தின் தலைவர் ரெனே ஹாஸ் 2024இல் கூறினார். விற்பவர் வாக்கு என்பதை நினைவிற் கொண்டே இதைக் கேட்கவேண்டும். ஆயினும் நம் இளைஞர் வெறுங்கையோடு பேசவில்லை என்பதும் உண்மை.

நம் வீடுகளுக்கும் படிப்பகத்திற்கும் பெரிதும் உரிய விஷயம் ஒன்று உண்டு. கடைகளில் இதை யாரும் சொல்வதாகக் காணோம். அந்த மொழிபெயர்ப்பாளர் சாதாரண நிரல்களைத்தான் பெயர்ப்பார். அச்சுப்பொறி, ஸ்கேனர் போன்றவற்றை இயக்கும் டிரைவர் என்னும் அடிநிலை நிரல்களைப் பெயர்க்கமாட்டார். விசைப்பலகை வழியே எழுத்துகளை மாற்றித் தரும் உள்ளீட்டுக் கருவிகளும் ஆர்ம் மொழியிலேயே ஆக்கப்பட்டிருந்தாலன்றி ஒழுங்காக இயங்கும் என்ற உறுதி இல்லை. உள்ளீட்டுக் கருவி என்பது யாது? நம்மிற் பலர் பதினைந்து ஆண்டுகளாகத் தமிழ் தட்டெழுதப் பயன்படுத்தும் அந்தச் சிறு மென்பொருளே. அதை எழுதி இலவசமாகத் தந்த அன்பர்கள் பலர் இன்று வேறு வேலைகளில் உள்ளனர். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவோருக்கு இல்லாத இடர் இது. விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை 2019 முதல் சேர்ந்து வருவதால், யூனிகோடில் புதிதாக எழுதுவோர் அஞ்ச வேண்டியதில்லை. பழைய எழுத்துருக் குறியீட்டில் எழுதிவைத்த கோப்புகளை உடையோரே அஞ்சவேண்டும். நம் சங்கத்தில் 2009 வரையிலான இதழ்கள் அத்தனையும் அப்படிப்பட்டவை.

மூன்றாமவர் ஒருவரும் வரிசையில் நிற்கிறார். 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் அது. எக்ஸ்86 மொழியில் பிராசஸர் செய்ய இண்டெல், ஏ.எம்.டி. ஆகியோரின் உரிமை வேண்டும். ஆர்ம் மொழிக்கு உரிமத் தொகை கட்டவேண்டும். ரிஸ்க்-ஃபைவ் மொழி யாருக்கும் சொந்தம் அன்று. இலக்கணம் பொதுவில் உள்ளது, எவரும் எழுதலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான ‘சக்தி’ இம்மொழியிலேயே பேசுகிறது. 2018இல் அதன் சில்லுகளுள் ஒன்று மொகாலியில் உள்ள அரசுச் சில்லுத் தொழிற்சாலையில் 180 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. இஸ்ரோவுக்கெனச் ‘சக்தி’ வழியில் செய்த ‘ஐரிஸ்’ என்னும் சில்லு 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதுவும் மொகாலியிலேயே செய்யப்பட்டது. திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனம் ‘வேகா’ வரிசையைச் செய்துள்ளது. அதில் சிறியதொன்றின் பெயர் ‘தேஜஸ்32’. இண்டெல் கைவிட்ட பெயர் நம் நாட்டில் பிழைத்துக்கொண்டது! 2025 டிசம்பரில் அதே சி-டாக் ‘துருவ்64’ என்னும் இரட்டைக் கருச் சில்லை அறிவித்தது. அதன் வேகம் 1 கிகாஹெர்ட்ஸ்.

பெருமைப்படலாம், மயங்கக் கூடாது. 1 கிகாஹெர்ட்ஸை உலக மேசைக் கணிப்பொறிகள் 2000ஆம் ஆண்டிலேயே எட்டிவிட்டன. இன்று கடையில் விற்கும் ஏ.எம்.டி. ரைசன் 9000 வரிசையின் கருக்கள் தைவானில் 4 நானோமீட்டர் முறையில் செய்யப்படுகின்றன. (இந்த எண்கள் இப்போது உண்மை அளவாக இல்லாமல் வியாபாரப் பெயராகிவிட்டன என்பது வேறு விஷயம்.) குஜராத்தின் தோலேராவில் 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டிய டாட்டாவின் தொழிற்சாலையும் 28 நானோமீட்டரிலிருந்தே தொடங்கத் திட்டமிட்டுள்ளது. ஆகவே, சுதேசிப் பிராசஸர் முதலில் மின்னளவைப் பெட்டியிலும், செயற்கைக்கோளிலும், பள்ளிச் சோதனைப் பலகையிலும் வரும். நம் மேசைக்கு வருவது வெகுநாள் கழித்தே.

இதைச் சொன்னபோது பெரியவர் முகம் வாடியது. அவர் வாடுவதில் நியாயம் உண்டு. லோத்குண்டாவிலிருந்து சில மைல் கிழக்கே உள்ள இ.சி.ஐ.எல். 1967இல் தொடங்கப்பட்டது. டிராம்பேயில் உருவான டி.டி.சி.12 கணிப்பொறியைப் பின்பற்றி, 1974இல் டி.டி.சி.312, 1975இல் டி.டி.சி.316 என்று கணிப்பொறிகளை இந்த ஹைதராபாத்திலேயே செய்தார்கள். இன்று அந்தப் பெயரைப் பேருந்துப் பலகையில் படிப்போருக்கு வாக்குப்பதிவு இயந்திரம் நினைவுக்கு வரும். கணிப்பொறி நினைவுக்கு வராது. மொகாலித் தொழிற்சாலை 1989இல் தீக்கிரையானது மற்றொரு பேரிழப்பு. மறுபுறம், இண்டெல், ஏ.எம்.டி., குவால்காம் மூன்றுக்கும் இன்று இந்நகரில் வடிவமைப்பு அலுவலகங்கள் உள்ளன. காலையில் லோத்குண்டாவிலிருந்து மாதாப்பூருக்குப் புறப்படும் நம் பிள்ளைகள் சிலர், எதிரெதிர் முகாம்களுக்கு ஒரே வண்டியில் போகிறார்கள். வடிவம் இங்கே, வார்ப்பு தைவானில், உரிமை அமெரிக்காவில், விலை நம் தலையில்.

நம் அபிப்பிராயம் கேட்டால் இவ்வாறு சொல்வோம். மடிக்கணிப்பொறியில் ஆர்ம் வகை மேலும் மேலும் இடம் பிடிக்கும். மின்கலம் நெடுநேரம் உழைப்பது அங்கே கண்கூடான பயன். சுவரில் செருகிய மேசைக் கணிப்பொறிக்கு அந்தச் சிக்கனம் அவ்வளவு பெரிதன்று. ஆகவே இன்னும் பத்தாண்டுக்கு மேசையில் எக்ஸ்86 பெரும்பான்மையாகவே இருக்கும். பரம வைரிகளாகிய இண்டெலும் ஏ.எம்.டி.யும் அம்மொழியைக் காக்க 2024 அக்டோபரில் ஒரே ஆலோசனைக் குழுவில் அமர்ந்ததைப் பார்த்தால், அவர்களுக்கே அச்சம் வந்துவிட்டது தெரிகிறது. அச்சம் வந்தவர்கள் நன்றாக உழைப்பார்கள். இது பொய்த்தால், பெரியவர் நம்மைப் பார்த்தும் சிரிக்கலாம்.

அம்மையாரின் கேள்விக்கு விடை சுருக்கமானது. கடைக்காரர் சொல்லும் ‘ஏ.ஐ. கணிப்பொறி’ என்பது, செயற்கை அறிவுக் கணக்குகளுக்கெனத் தனிப்பகுதி ஒன்று சேர்ந்த பிராசஸரை உடையது. முதலாண்டுப் பாடங்களுக்கு அது இன்றியமையாதது அன்று. அதற்காகக் கடன் பட வேண்டா, அம்மா. அலுவலகங்களில் பயன்படுத்திப் புதுப்பித்து விற்கும் பொறிகளில், எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஒன்றைக் கையிருப்புப் பணத்திலேயே வாங்குங்கள். வாங்குமுன் படிப்பகத்திற்குக் கொண்டுவந்து காட்டினால் நம் இளைஞர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

குழுவின் முடிவு: புதியது ஒன்றே வாங்குவது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 என்னும் பொருத்துவாய் உள்ள பலகையாக அது இருக்கும். அப்பொருத்துவாய்க்கு 2027க்கு அப்பாலும் புதிய பிராசஸர்கள் வரும் என்று அந்நிறுவனம் அறிவித்துள்ளதால், பின்னர் மூளையை மட்டும் மாற்றிக்கொள்ள வழி உண்டு. பழைய நான்கில் மூன்றில் லினக்ஸ் நிறுவிப் பிள்ளைகளுக்குத் தருவது. நான்காவதை இணையத் தொடர்பின்றி, பழைய இதழ்களுக்காகவே அப்படியே வைத்துக்கொள்வது. மீதிப் பணம் இரண்டாண்டு வங்கியில் இருக்கட்டும் என்று இளைஞரும் ஒப்புக்கொண்டார்.

2009 வரையிலான இதழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் பணி வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிப்பகத்தில் தொடங்குகிறது. மாற்றியதை மூல இதழோடு ஒப்பிட்டுப் பிழை திருத்த, கண்ணும் பொறுமையும் உள்ளவர்கள் பன்னிருவர் தேவை. கணிப்பொறி தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். 1998, 2003ஆம் ஆண்டுகளின் சில இதழ்கள் சங்கத்தில் இல்லை. வீட்டுப் பரணில் வைத்திருக்கும் அன்பர்கள் கொண்டுவந்து தந்தால், நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.